தினமும் அதே ஆட்கள் லேட்: அபராதம் போட்டும் குறையலை, கோளாறு எங்கே?

பனியன் ஆபீஸ் (கேள்வி):

திருப்பூர்ல 180 பேர் வேலை செய்யற பனியன் யூனிட். கட்டிங், நாலு தையல் லைன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே இடம். ஷிப்ட் காலை 8.30. இதுல 20, 25 பேர் தினமும் 8.35லிருந்து 8.55க்குள்ளதான் கைரேகை வைக்கிறாங்க. பெரும்பாலும் அதே முகங்கள். எல்லாம் வேலை தெரிஞ்ச ஆட்கள், விட்டுட்டா திரும்பக் கிடைக்க மாட்டாங்க.

மூணு மாசமா ஒரு லேட்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறோம். குறையலை, கொஞ்சம் கூடித்தான் இருக்கு. 8.45 தாண்டினா அரை ஷிப்ட் கட் பண்ணிடலாம்ங்கறார் முதலாளி. அது சரிப்படுமா? ஒரே ஆட்கள் ஏன் திரும்பத் திரும்ப லேட் ஆகுறாங்க, எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பஞ்ச் நோட்டு:

அபராதம், அரை ஷிப்ட் எல்லாத்தையும் ஒரு வாரம் ஓரமா வெச்சுட்டு, பயோமெட்ரிக் மிஷின்ல இருந்து எட்டு வாரத்துக் கணக்கை எடுங்க. நிறைய கம்பெனியில் "லேட்" ஒரு டிக் மார்க்காத்தான் இருக்கு. அதுல ஒண்ணும் தெரியாது. எத்தனை நிமிஷம் லேட்னு எண்ணா வேணும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள நிமிஷம். சராசரி போடாதீங்க. ஒரே ஒரு நாள் 90 நிமிஷம் லேட்டா வந்தவரும் தினமும் 2 நிமிஷம் லேட்டா வர்றவரும் சராசரியில் ஒண்ணாயிடுவாங்க. கட்டங்களை அப்படியே கண்ணால் பாருங்க, காரணம் பாதி அங்கேயே தெரிஞ்சிடும்.

நிறைய பேருக்கு ஒரே மாதிரி 1லிருந்து 5 நிமிஷம்னு இருந்தா, கோளாறு ஆளுகிட்ட இல்லை, மிஷின்கிட்ட. கணக்குப் போடுங்க: ஒரு விரல் வெச்சு எடுக்க 6 விநாடி. 8.20க்கும் 8.30க்கும் நடுவில் 130 பேர் வந்து நின்னா 780 விநாடி, அதாவது 13 நிமிஷம். கேட்டுக்குள்ள 8.29க்கே வந்தவருக்கு 8.33னு விழும். இதுல அயர்னிங், கறை எடுக்கறவங்க விரல் ரேகை தேஞ்சு போயிருக்கும். மூணு தடவை வெச்சாத்தான் எடுக்கும், சில நாள் எடுக்கவே எடுக்காது. அவங்க பின்னாடி நிக்கிறவங்களும் சேர்ந்து லேட். இந்தக் கூட்டத்துக்கு இரண்டாவது மிஷின் ஒண்ணு, இல்லைன்னா முகம் பார்த்துப் பதியற மிஷின் வாங்கறதுதான் மருந்து. மிஷின் கடிகாரம் சரியா ஓடுதான்னும் போன் நேரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. அது நாலு நிமிஷம் முன்னாடி ஓடுதுன்னா அந்த நாலு நிமிஷமும் ஆட்கள் தலையில்தான் விழும்.

ஒருத்தர் தினமும் 10, 12, 11, 9னு ஒரே அளவில் லேட்னா அது பழக்கம், இல்லைன்னா பஸ் நேரம். பல நாள் சுழியம், திடீர்னு ஒரு நாள் 35, 40னு வந்தா அன்னைக்கு வீட்டில் ஏதோ நடந்திருக்கு. திங்கள்கிழமை மட்டும்னா சனிக்கிழமை சம்பளமும் ஞாயிற்றுக்கிழமையும் காரணம். அதுல எல்லாத்தையும் குடின்னு எழுதிடாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் திங்கள் காலை பஸ் பிடிக்கிறவங்களும் அதே கட்டத்தில்தான் வருவாங்க.

முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினவங்க மறுநாள் லேட்னா, அது நீங்களே போட்ட லேட். ராத்திரி 9 மணிக்கு விட்டா வீடு போக 9.45, சமைச்சுச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிப் படுக்க 11.30. காலை 5.30க்கு எழுந்தா ஆறு மணி நேரம்தான் தூக்கம். வளர்ந்த ஆளுக்கு ஏழு மணி நேரமாவது வேணும். ஒரு நாள்னா தாங்கும், வாரத்தில் நாலு நாள்னா உடம்பு தானாக் கணக்கைத் தீர்த்துக்கும். 1948 தொழிற்சாலைச் சட்டமே ஒரு நாள் வேலையின் மொத்த விரிவு, இடைவேளையும் சேர்த்து, பத்தரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாதுன்னுதான் வெச்சது. 8.30லிருந்து 9 வரைக்கும்ங்கறது பன்னிரண்டரை.

இன்னொரு வகையையும் தனியாப் பாருங்க. வருஷக்கணக்கா நேரத்துக்கு வந்தவர், கடைசி ரெண்டு மாசமா மட்டும் லேட். அவரைக் கூட்டத்தோட நிறுத்தித் திட்டாதீங்க. வீட்டில் சீக்காளி இருக்கலாம், கடன்காரர் காலையில் வாசலில் நிக்கலாம், ரத்தசோகையில் உடம்பே எழுந்திருக்க மறுக்கலாம். தனியாக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுக் கேளுங்க. இஎஸ்ஐ டாக்டர்கிட்ட போக அரை நாள் விட்டாலே சிலருக்குச் சரியாகும்.

---

சட்டப்பக்கம்:

அரை ஷிப்ட் கட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்யக் கூடாது. சட்டப்படியும் தவறு, உற்பத்திக்கும் நஷ்டம்.

வேலைக்கு வராத நேரத்துக்குத்தான் சம்பளம் பிடிக்கலாம், அதுவும் அந்த நேரத்துக்கு உரிய விகிதத்தில் மட்டும். பழைய 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இதுதான் விதியாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதுதான் விதி. ஷிப்ட் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம், நிமிடத்துக்கு 1 ரூபாய் 25 பைசா. 16 நிமிடத் தாமதத்துக்கு 20 ரூபாய். முதலாளி சொல்கிறபடி பிடித்தால் 300 ரூபாய். நடுவில் இருக்கிற 280 ரூபாய்க்குச் சட்டத்தில் இடமில்லை.

அபராதம் என்பது வேறு தலைப்பு. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வாங்கி, அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். பிடிக்கும் முன் அந்த ஆளிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது: வாரம் 3600 ரூபாய் என்றால் 108 ரூபாய். தவணையாகப் பிடிக்க முடியாது, 90 நாள் கழித்தும் பிடிக்க முடியாது. பிடித்த பணம் பதிவேட்டில் ஏற வேண்டும், தொழிலாளர் நலனுக்குத்தான் செலவாக வேண்டும். இப்போது நீங்கள் பிடிக்கிற 20 ரூபாய் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்.

இனி, அபராதம் போட்ட பிறகு தாமதம் ஏன் கூடியது? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடத்திய ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போகப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு, ஆறு காப்பகங்களில் மட்டும் 10 ஷெக்கல் அபராதம் வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிறகு அபராதத்தை எடுத்த பிறகும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. முன்பு "டீச்சர் நமக்காகக் காத்திருப்பாரே" என்ற கூச்சம் இருந்தது. பணம் வைத்ததும் அது விலையாகிவிட்டது. கொடுத்தாயிற்று, வந்தாயிற்று. உங்கள் 20 ரூபாயும் அப்படித்தான் வேலை செய்கிறது. இன்ச்சார்ஜ் முகத்தைப் பார்க்கக் கூசியவர் இப்போது காசு கட்டிவிட்டு நேராக மிஷினுக்குப் போகிறார்.

அரை ஷிப்ட் வெட்டு இதைவிட மோசம். 8.45 கோடு என்று வைத்தால் 8.46க்கு கேட்டுக்கு வந்தவர் என்ன செய்வார்? அரை நாள் சம்பளம் எப்படியும் போயிற்று, டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு மதியத்துக்கு வருவார், அல்லது வீட்டுக்கே திரும்புவார். 16 நிமிடம் இழக்க வேண்டிய இடத்தில் 4 மணி நேரத்தை இழக்கிறீர்கள்.

---

லைன் இன்ச்சார்ஜ்:

மேலே சொன்னதெல்லாம் சரிங்க. ஆனா ஒரு கேள்வியை யாரும் கேட்கலை. 8.30க்கு வந்த ஆளுக்கு 8.30க்கு வேலை இருக்கா?

நாளைக்குக் காலையில் 8.25க்கு லைன் ஓரமா நின்னு பாருங்க. 8.30க்கு பெல் அடிக்கும். மெயின் ஸ்விட்ச் போடறது 8.32. பவர் டேபிள்காரர் (மோட்டார் தையல் மிஷின் ஓட்டறவர்) உட்கார்ந்து ஊசி பார்ப்பார், நேத்து உடைஞ்சது அப்படியே இருக்கும். ஊசி வாங்க மெக்கானிக்கைத் தேடினா அவரே 8.40க்குத்தான் வர்றார். நூல் கோன் ஸ்டோர்ல, ஸ்டோர் சாவி சூப்பர்வைசர்கிட்ட. கட்டிங்ல இருந்து பண்டல், அதாவது வெட்டின துணிக் கட்டு, இறங்கறது 8.50. ஆக 8.30க்கு ஒழுங்கா வந்தவர் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கார், 8.50க்கு வந்தவர் வந்ததும் ஓட்டறார். ரெண்டு பேருக்கும் முதல் பீஸ் ஒரே நேரம். இதை ஒரு மாசம் பார்த்தா யாருக்குமே 8.30க்கு வரத் தோணாது. பீஸ் ரேட் (பீஸ் கணக்கில் கூலி) ஆட்கள்னா கேட்கவே வேண்டாம், சும்மா உட்கார்றதுக்கு அவங்களுக்குக் காசு இல்லை. அவங்களை லேட்டுன்னு திட்டறதுல நியாயமே இல்லைங்க.

இதை மாத்தறது முதல் நாள் சாயங்காலத்து வேலை. லைன் நிறுத்தறதுக்குக் கால் மணி முன்னாடி, ஒவ்வொரு டேபிள் முன்னாடியும் 40 பீஸ் பண்டல் சீட்டோட இருக்கணும். மறுநாளைக்கு வேண்டிய நூல் கோன் ஸ்டாண்டில் ஏறியிருக்கணும். ஊசி உடைஞ்ச மிஷின் நம்பரை போர்டில் எழுதணும். மெக்கானிக், பண்டல் போடற ஆள், ஸ்டோர் சாவி வெச்சிருக்கறவர் மூணு பேருக்கும் ஷிப்ட் 8.10னு வெச்சு, அந்த 20 நிமிஷத்துக்கு சட்டப்படி வர வேண்டியதைக் கொடுங்க. சூப்பர்வைசர் 8.20க்கு நிக்கணும். அவர் 8.45க்கு வந்துட்டு மத்தவங்களை நேரம் கேட்டா யாரும் மதிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, எந்த டேபிள் லேட்டுங்கறது முக்கியம். டி-ஷர்ட் லைன்ல ஷோல்டர் ஜாயின்ட், நெக் ரிப் (கழுத்துப் பட்டி), கை ஏத்தறது, சைடு, பாட்டம் மடிக்கிறதுன்னு வரிசையாப் போகும். நெக் ரிப் ஏத்தறவர் ஒரு பீஸுக்கு 30 விநாடின்னா, 20 நிமிஷ லேட்ல 40 பீஸ் நிக்குது. அவருக்கு அப்புறம் இருக்கற எல்லாரும் காலியா உட்காருவாங்க. அந்த 40 பீஸ் முந்தின நாளே அடுத்த டேபிள் முன்னாடி இருந்தா லைன் நிக்காது. கடைசி டேபிள்ல பாட்டம் மடிக்கிறவர் அதே 20 நிமிஷம் லேட்டா வந்தா லைன் நிக்காது, அவர் முன்னாடி குவியும், அவ்வளவுதான். எல்லா லேட்டையும் ஒரே தராசில் போடாதீங்க. அதே மாதிரி கைமடி (டெய்லருக்குத் துணி எடுத்து மடிச்சுக் கொடுக்கற உதவியாள்) லேட்டா வந்தா டெய்லர் நேரத்துக்கு வந்தும் ஓட்ட முடியாது. லேட் கணக்கில் ரெண்டு பேரையும் ஜோடியாப் பாருங்க.

லைன் முனையில் ஒரு போர்டு வெச்சு "முதல் பீஸ் இறங்கின நேரம்"னு தினமும் எழுதுங்க. யார் பேரும் வேண்டாம், நேரம் மட்டும் போதும். 8.52லிருந்து 8.36க்கு வந்துடுச்சுன்னா, லேட் ஆட்கள்ல பாதிப் பேர் தானா முன்னாடி வருவாங்க.

---

ஊத்துக்குளி ரோடு:

பெண் தொழிலாளர் பக்கம் ஒண்ணு சொல்லணும். லேட் லிஸ்ட்டைத் தெரு வாரியாப் பிரிச்சுப் பாருங்க. திருப்பூர்ல நிறைய பகுதிக்கு நல்ல தண்ணி சில நாளுக்கு ஒரு தடவைதான் வருது, எந்த நேரம் திறப்பாங்கன்னும் நிச்சயம் இல்லை. காலை ஏழரைக்குத் திறந்தா குடம், டிரம் எல்லாம் நிரப்பாம வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. அன்னைக்கு விட்டா அடுத்த முறை வரைக்கும் குடிக்கத் தண்ணி இல்லை. இந்த லேட் திங்கள், செவ்வாய்னு கிழமையில் சிக்காது. நாலு நாளோ ஆறு நாளோ இடைவெளி விட்டு, ஒரே தெருக்காரங்க நாலு பேரும் ஒண்ணா லேட் ஆவாங்க. அப்படித் தெரிஞ்சா அவங்களுக்கு "தண்ணி நாள்"னு ஒரு ஏற்பாடு செய்யுங்க: காலையில் ஏழே முக்காலுக்குள்ள போன்ல சொல்லிடணும், 9 மணி வரை அனுமதி, அந்த நேரத்தைச் சாயங்காலம் ஓட்டிடணும். முன்கூட்டித் தெரிஞ்சா இன்ச்சார்ஜ் ஆளை மாத்தி உட்கார வைப்பார்.

பஸ்ஸையும் கேளுங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் வரலைன்னா அடுத்து வர்ற தனியார் பஸ்ஸை விட்டுட்டுக் காத்திருக்கறது சோம்பேறித்தனம் இல்லை. போக வர 20 ரூபாய்னா 26 நாளைக்கு 520 ரூபாய், அது ஒரு வாரத்து மளிகை. அந்த பஸ் ஸ்டாப்புக்கு எந்த நேரம் வருது, அங்கிருந்து கேட்டுக்கு எத்தனை நிமிஷம்னு நீங்களே ஒரு நாள் நின்னு பாருங்க. அது 8.25க்கு இறக்கிவிட்டு நடை பத்து நிமிஷம்னா அவங்க எந்தக் காலத்திலும் 8.30க்கு வர முடியாது. அந்த பஸ்ஸில் வர்றவங்களுக்கு 8.45 ஷிப்ட்னு எழுதிடறதுதான் நேர்மை. இல்லைன்னா கம்பெனி வேன் அந்த வழியாத் திரும்பணும்.

அப்புறம் குழந்தைங்க. 50 பேரோ அதுக்கு மேலேயோ இருக்கற இடத்தில் காப்பகம் வேணும்னு 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்திலேயே வந்தாச்சு. காப்பகம் வெச்ச கம்பெனியிலும் ஒரு தப்பு நடக்குது: ஆயா வர்றதே 8.30க்கு. அம்மா 8.20க்குக் குழந்தையோட வந்து வாசலில் நிக்கணும், ஆயா வந்து, குழந்தை அழுகை நின்னு, கைரேகை வைக்கறப்ப 8.45. ஆயாவுக்கு 7.50 ஷிப்ட் வெச்சா இது அப்படியே போயிடும்.

---

பனியன் ஆபீஸ்:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு வாரமா உட்கார்ந்து கட்டம் போட்டுப் பார்த்தோம். நீங்க சொன்ன மாதிரியே மிஷின் வரிசை, பஸ், தண்ணி மூணும் இருக்கு. இரண்டாவது மிஷின் ஆர்டர் போட்டாச்சு, 20 ரூபாய் பிடிக்கறதையும் நிறுத்திட்டோம். ரெண்டு வகை மட்டும் புரியலை. ஒண்ணு, ஹாஸ்டல். காம்பவுண்டுக்குள்ளேயே 60 பேர் தங்கியிருக்காங்க, அதுல எட்டுப் பேர் தினமும் 8.40. இன்னொண்ணு, மூணு பேர் வீடு ஒரு கிலோமீட்டர்தான், டூவீலர் இருக்கு, தினமும் 8லிருந்து 12 நிமிஷம் லேட். கேட்டா "நாளைக்கு வந்துடறேன்"ங்கறாங்க, பொய் மாதிரியும் தெரியலை.

---

பஞ்ச் நோட்டு:

ஹாஸ்டலுக்கு பாத்ரூமை எண்ணுங்க. 60 பேருக்கு 6 குளியலறைன்னா ஒண்ணுக்குப் பத்துப் பேர். ஆளுக்குப் பத்து நிமிஷம்னா 100 நிமிஷம். 6.45க்கு ஆரம்பிச்சா கடைசி ஆள் 8.25க்கு வெளியே வருவார், அப்புறம் இட்லி வரிசை. அந்த எட்டுப் பேரும் யாருன்னு பாருங்க, புதுசா வந்தவங்களாவோ, மொழி தெரியாம முன்னாடி போய் நிக்கக் கூசறவங்களாவோ இருக்கும். ராத்திரி குளிக்கறவங்களுக்கு வெந்நீர் கொடுத்தா காலைக் கூட்டம் குறையும். மெஸ்ஸை 7.15க்குத் திறங்க.

அந்த மூணு பேர் பொய் சொல்லலை. கிட்டத்தில் இருக்கறவங்கதான் லேட் ஆகறது இந்த விஷயத்தில் ரொம்பப் பொதுவானது. தூரத்து ஆளுக்கு பஸ் நேரம் ஒரு கோடு போட்டுடும், கிட்டத்து ஆளுக்கு அப்படி ஒரு கோடே இல்லை. "அஞ்சு நிமிஷத்தில் போயிடலாம்"னு மனசில் இருக்கும். அந்த அஞ்சு நிமிஷம் ரோடு காலியா இருந்த ஒரு நல்ல நாளின் கணக்கு. இது எல்லா மனுஷருக்கும் உள்ள பிசகு. 1994இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஆய்வேட்டை எப்ப முடிப்பீங்கன்னு கல்லூரி மாணவர்களைக் கேட்டப்ப சராசரியா 34 நாள்னாங்க, முடிச்சது 55 நாளில். இதுக்கு முன்னாடி எத்தனை நாள் ஆச்சுங்கறதைக் கணக்கில் எடுக்காம, இந்தத் தடவை எல்லாம் சரியா நடக்கும்னு நினைக்கறதுதான் கோளாறு.

அறிவுரை வேலைக்காகாது. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து, அவரோட பத்து நிமிஷம் உட்காருங்க. 8.30ல இருந்து பின்னாடி எழுதிக்கிட்டு வாங்க. மிஷின்ல உட்கார 8.30. கைரேகை வரிசை 4 நிமிஷம். வண்டி நிறுத்திட்டு, டிபன் பாக்ஸ் வெச்சுட்டு, செருப்பு கழட்டிட்டு வர 4 நிமிஷம். ரோடு 7, சிக்னல் விழுந்தா 9. வண்டி எடுத்து, கேட் பூட்டி, மறந்த போனை எடுக்கத் திரும்ப உள்ளே போய் வர 5. கூட்டினா 22. ஆக வீட்டைவிட்டு இறங்க வேண்டிய நேரம் 8.08. அவர் இத்தனை நாளும் 8.20ன்னு நினைச்சிருப்பார். 12 நிமிஷ லேட் அங்கேதான் இருக்கு. போனில் அலாரம் எழுந்திருக்கறதுக்கு மட்டும் வெச்சிருப்பார். இறங்கறதுக்கு 8.05னு இன்னொண்ணு வைக்கச் சொல்லுங்க. முதல் வாரம் ஒரு நாள் தவறினாலும் தாளை எடுத்து எந்த வரியில் கூடுச்சுன்னு மட்டும் பாருங்க, திட்டாதீங்க. வழக்கமா அந்த "வீட்டைவிட்டு இறங்கற" வரிதான்.

---

சட்டப்பக்கம்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இவ்வளவும் செய்த பிறகும், காரணமே இல்லாமல், விளக்கமும் சொல்லாமல் ஒருவர் தொடர்ந்து தாமதமாக வந்தால் என்ன செய்வது? நிலையாணை என்றால் கம்பெனியின் எழுதிவைத்த வேலை விதிகள். பழைய 1946 நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளிலேயே "வழக்கமாகத் தாமதமாக வருவது" ஒழுங்கீனம் என்று இருந்தது. ஆனால் "வழக்கமாக" என்றால் எத்தனை முறை என்பதை உங்கள் நிலையாணையிலோ அறிவிப்பிலோ முன்பே எழுதியிருக்க வேண்டும். தேதியும் நிமிடமும் போட்டு மெமோ கொடுங்கள், கையெழுத்து வாங்குங்கள், பதிலுக்கு நாள் கொடுங்கள். இரண்டு மெமோவுக்குப் பிறகுதான் விளக்கம் கேட்கும் கடிதமும் உள்விசாரணையும். அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுங்கள். ஒடியாக்காரர் கையில் தமிழ் மெமோவைக் கொடுத்து வாங்கிய கையெழுத்து விசாரணையில் நிற்காது. வாயால் "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்பினால் வழக்கு அவர் பக்கம் போகும். விசாரணையே நடத்தி நீக்கினாலும், தண்டனை தவறுக்கு மிஞ்சியதா என்று வழக்கை விசாரிக்கும் மன்றம் பார்க்கும். அந்த நாளில் உங்கள் கையில் இருக்க வேண்டியது இப்போது போட்ட நிமிடக் கட்டமும், பஸ், தண்ணீர், குளியலறை மூன்றையும் பார்த்துச் சரிசெய்ததற்கான தேதிவாரிக் குறிப்பும்தான். அந்தக் குறிப்பை இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.